ஒளி எழுதியதும் கணக்கு எழுதியதும்

படத்தை எண்களாக்கி ஊர்விட்டு ஊர் அனுப்பும் வித்தை கணினியோடு பிறந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது கணினிக்கு முந்தியது. பத்திரிகைக்காரரின் அவசரத்திலிருந்து பிறந்தது. 1920களின் தொடக்கத்தில் லண்டனில் எடுத்த ஒரு புகைப்படம் நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் வெளிவருவதற்குக் கப்பற் பயணமாக ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பார்ட்லேன் முறை என்ற ஏற்பாடு இந்தக் காலத்தை மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவாக்கிற்று. படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் ஐந்து படிகளுள் ஒன்றாக வகுத்து, அதனைக் குறியீடாக்கி, அத்திலாந்திக் கடலடியில் கிடந்த தந்திக் கம்பியின் வழியே அனுப்பினர். மறுகரையில் அந்தக் குறியீட்டைப் படித்த அச்சுப்பொறி படத்தை மீண்டும் உருவாக்கியது. 1929 இல் ஐந்து படிகள் பதினைந்தாயின. படிமச் செயலாக்கம் பற்றிப் பல்கலைக்கழகங்களிற் பெரிதும் பயன்படும் ஒரு பாடநூல் இத்துறையின் வரலாற்றை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றது.

நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த காலத்தில் எங்கள் ஆசிரிய பீடத்தில் படம் என்றால் 'புளொக்' என்றுதான் பொருள். மூலப் படத்தை நுண்கோடுகள் இட்ட கண்ணாடித் திரையொன்றின் ஊடாக மீண்டும் படம்பிடித்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரிக்கச் செய்து, புள்ளிக் கூட்டமாக அதனை மாற்றுவார்கள். பெரிய புள்ளி இருளாகும்; சிறிய புள்ளி வெளிச்சமாகும். தகட்டுக்குப் போவதற்கு முன்னர் படம் அலுவலக ஓவியரின் மேசைக்குச் செல்லும். அவர் மெல்லிய தூரிகையால் பின்னணியை வெளுப்பாக்குவார்; மங்கிக் கிடக்கும் சட்டைக் கொலரைத் துலக்குவார். அவருக்கு எங்கள் ஆசிரியர் விதித்திருந்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான்: பின்னணியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், முகத்தில் கை வைக்கக்கூடாது. 'வெளிச்சத்தைக் கூட்டு, மூக்கைக் கூட்டாதே' என்பது அவருடைய வாக்கு.

அந்த ஓவியரின் மேசை இன்று எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கின்றது. ஆனால் ஆசிரியரின் கட்டுப்பாடு அந்த மேசையோடு கூடவே வந்து சேரவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

இத்துறையின் வளர்ச்சியைப் பார்ப்போம். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் பணியாற்றிய ரஸல் கிர்ஷ் என்பவர், மூன்று மாதக் குழந்தையாயிருந்த தம் மகனின் புகைப்படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். ஒரு பக்கத்துக்கு 176 புள்ளிகள், மொத்தம் 30,976. கணினி கண்ட முதற் புகைப்படம் என்று அது போற்றப்படுகின்றது. இன்று ஒரு சாதாரணக் கைத்தொலைபேசி எடுக்கும் படத்தில் இதைப்போலப் பல நூறு மடங்கு புள்ளிகள் உள்ளன.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1965 ஜூலையில், மரினர்-4 என்ற விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை அண்மித்துப் பறந்தது. அது எடுத்த ஒவ்வொரு படமும் 200 வரிகளும் வரிக்கு 200 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் 64 படிகளுள் ஓர் ஒளியளவு. செக்கனுக்கு எட்டு 'பிட்' என்ற நத்தை வேகத்தில் வந்த ஒரு படம் பூமியை முழுமையாக வந்தடைய எட்டு மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. கணினி அதனைப் படமாக்கித் தரும்வரை பொறுக்கமாட்டாத பொறியியலாளர்கள், எண்கள் அச்சிடப்பட்ட காகித நாடாக்களைச் சுவரில் ஒட்டி, கடையில் வாங்கிய வண்ணக் கட்டிகளால் எண்ணுக்கொரு நிறம் தீட்டினர். மனிதன் அனுப்பிய கலமொன்று அருகிலிருந்து எடுத்த செவ்வாயின் முதற்படம் இவ்வாறுதான் மனிதர் கைகளால் நிறந்தீட்டப்பட்டது. நிறத்தை அவர்கள் தெரிவு செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் எந்த இடத்துக்கு எந்த எண் என்பதைத் தெரிவு செய்தது செவ்வாயிலிருந்து வந்த ஒளியே. எங்கள் ஆசிரியர் இதனை ஒப்புக்கொண்டிருப்பார்.

வைத்தியசாலைகளில் இன்று சர்வசாதாரணமாகிவிட்ட 'சி.ரி. ஸ்கான்' இதே நேர்மையின் மற்றொரு வடிவம். கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் கருவி 1971 இல் லண்டனில் ஒரு நோயாளியின் மூளையை முதன்முதலாகப் படமாக்கிற்று. பல கோணங்களிலிருந்து ஊடுகதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் மறுபுறம் வந்தது என அளந்து, அந்த அளவுகளிலிருந்து உள்ளேயிருப்பது எது எனக் கணித்தனர். எந்தக் கமராவும் பார்த்திராத ஒரு குறுக்குவெட்டை வெறும் கணக்கு வெளிக்கொணர்ந்தது. 1979 இல் அவருக்கும் அலன் கோர்மக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வழியின் சிகரம் எனச் சொல்லத்தக்கது 2019 ஏப்ரல் 10 ஆம் திகதி வெளியான கருந்துளைப் படமாகும். ஐந்தரைக் கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள எம்-87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தை, உலகின் ஐந்து இடங்களில் அமைந்த ஏழு தொலைநோக்கிகள் 2017 ஏப்ரலில் ஒருசேரக் கவனித்தன. பூமியளவு பெரிதான ஒரு தொலைநோக்கி இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தரவுகளில் ஒரு சிறு பங்கே இதனாற் கிடைத்தது. இடைவெளிகளைக் கணக்குத்தான் நிரப்ப வேண்டியிருந்தது. அவர்கள் செய்த காரியம் பத்திரிகையாளர்கள் படித்துப் பின்பற்ற வேண்டியது. ஆய்வாளர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழு மற்றக் குழுவோடு பேசாமல், தத்தம் வழியில் படத்தை உருவாக்கினர். நான்கிலும் ஒளி வளையம் வந்தது. அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. நடுவில் துளையற்ற வெறும் வட்டம் போன்ற பொய்யான மாதிரித் தரவுகளையும் தங்கள் வழிமுறைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். துளையில்லாத இடத்தில் கணினி துளை போட்டுவிடுகின்றதா என்பதே அந்தச் சோதனை. ஒரு செய்தியை நான்கு பேரிடம் தனித்தனியாக விசாரித்து உறுதிப்படுத்திய பின்னரே அச்சேற்றும் பழைய ஒழுங்கு இதுவல்லவா?

இனி மறுபக்கம். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கலையில் பெரும்பங்கு நாசிர் அஹமத் என்ற, பெங்களூரிற் பிறந்த பேராசிரியருக்குரியது. நடராஜன், ராவ் என்ற இருவருடன் சேர்ந்து 1974 இல் அவர் வெளியிட்ட ஒரு கணித உருமாற்றமே, 1992 இல் வந்த 'ஜேபெக்' நியமத்தின் அடித்தளம். இந்த ஆய்வுக்கு அவர் முன்னர் நிதி கேட்டபோது, எண்ணம் மிகவும் எளிமையாக இருக்கின்றது என்று கூறி மறுத்துவிட்டனர் என அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, மனிதக் கண் பெரிதாகக் கவனிக்காத நுண்விபரங்களை விட்டுவிடுவது இதன் சாரம். இங்கே கணக்கு எதனையும் சேர்ப்பதில்லை. சிலவற்றைக் கைவிடுகின்றது, அவ்வளவே. செய்தியை இடத்துக்கேற்பச் சுருக்கும் உதவி ஆசிரியரின் வேலை போன்றது இது.

ஆனால் சுருக்குபவர் சொற்களை மாற்றத் தொடங்கினால் என்னாகும்? 2013 ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி விஞ்ஞானி ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். சீரொக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கான் இயந்திரங்கள் ஆவணங்களிலுள்ள எண்களை மாற்றிக்கொண்டிருந்தன. ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீற்றர் என்றிருந்த அறை, நகலில் 14.13 சதுர மீற்றராக மாறியிருந்தது. காரணம், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்தச் சுருக்கும் முறை ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதாகத் தான் கருதிய துண்டுகளை ஒரே துண்டாகக் கொண்டு, ஓரிடத்திலிருந்ததை மற்ற இடத்தில் ஒட்டிவிட்டது. நகல் மங்கலாக இருக்கவில்லை, பளிச்சென்று இருந்தது. அதுதான் ஆபத்து. மங்கிய எழுத்தை யாரும் சந்தேகிப்பர். தெளிவான பொய்யெண்ணைச் சந்தேகிப்பார் இல்லை.

இதேவேளை கணினி வரைகலை என்ற மற்றோர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. படிமச் செயலாக்கம் படத்திலிருந்து எண்களுக்குச் செல்வது. வரைகலை எண்களிலிருந்து படத்துக்கு வருவது. 1963 இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவால் திரையில் வரையும் 'ஸ்கெச்பாட்' என்ற செயலியைப் படைத்தார். 1970களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் இத்துறையின் தலைமைப் பீடமாயிற்று. அங்கு ஆய்வு செய்த, ஹனோயிற் பிறந்த வியட்நாமிய இளைஞர் பூய் துவோங் போங், வளைந்த பரப்பில் ஒளி பட்டுப் பளபளப்பதைக் கணக்கிடும் வழியொன்றைக் கண்டார். 1975 இல், 32 ஆவது வயதில் அவர் இறந்துவிட்டார். அவர் பெயர் தாங்கிய அந்த வழிமுறையை வரைகலை மாணவர்கள் இன்றும் பயில்கின்றனர். அதே ஆண்டில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்ப் பாத்திரம் ஒன்றை எண்களால் விபரித்தார். அந்தப் பாத்திரம் ஆய்வுகூடங்களின் பரிசோதனைப் பொருளாக உலகெங்கும் சுற்றியது. 1993 இல் 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தில் டைனோசர்கள் ஓடியபோது எவரும் ஏமாற்றப்படவில்லை. அவை கணக்கின் குழந்தைகள் என்பதைத் தெரிந்துதான் நுழைவுச்சீட்டு வாங்கினோம்.

இரண்டு ஆறுகளும் கலக்கும் இடத்தில்தான் தெளிவு குலைகின்றது. கலப்பு இன்றோ நேற்றோ தொடங்கியதல்ல. 1982 பெப்ரவரி மாத 'நஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகையின் அட்டையில், நீளவாக்கான படம் நிமிர்ந்த அட்டைக்குள் அடங்குவதற்காக எகிப்தியப் பிரமிட்டுகள் கணினியால் நெருக்கி வைக்கப்பட்டன. 2006 ஓகஸ்டில், பெய்ரூத்தின் மீதான குண்டுவீச்சுப் படமொன்றில் புகையைக் கூட்டிக் காட்டிய படப்பிடிப்பாளரின் 920 படங்களையும் ரொயிட்டர் நிறுவனம் விலக்கிக்கொண்டது. புகைச் சுருளில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்ததை வலைப்பதிவர்கள் கண்டுபிடித்தனர். அங்கே உண்மையாகவே குண்டு விழுந்திருந்தது. உண்மையாகவே புகை எழுந்திருந்தது. கூட்டிய புகை, உள்ள புகையையும் சந்தேகத்துக்குள்ளாக்கிற்று. பாதிக்கப்பட்ட மக்களுக்கு அந்தப் படப்பிடிப்பாளர் செய்த தீங்கு அதுவே.

அன்று கையால் செய்த அந்த ஒட்டுவேலையைச் சில ஆண்டுகளில் ஆய்வாளர்கள் தானியங்கியாக்கினர். 2009 இல் வெளியான 'பட்ச்மட்ச்' என்ற வழிமுறை, படத்தின் ஓரிடத்தை நிரப்புவதற்கு ஏற்ற துண்டுகளைப் படத்தின் வேறிடங்களிலிருந்து நொடியில் தேடித் தந்தது. அடுத்த ஆண்டே 'போட்டோஷொப்' அத்தகைய வசதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. வேண்டாத மனிதரைச் சுட்டினால் போதும், அவர் நின்ற இடத்தில் புல் முளைத்துவிடும். 2014 இல் இரண்டு நரம்பியல் வலையமைப்புகளைப் போட்டிக்கு விட்டு இல்லாத முகங்களை உருவாக்கும் முறை வந்தது. 2020 இல் சில டசின் புகைப்படங்களிலிருந்து ஓரிடத்தின் முப்பரிமாணக் காட்சியையே மீளக் கட்டும் முறை வந்தது. யாரும் கமரா வைக்காத கோணத்திலிருந்தும் அந்த இடத்தைப் பார்க்கலாம்.

அதே 2020 ஜூனில் நடந்தது ஒரு பாடம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிகவும் மங்கிய சிறு முகப்படத்தைக் கொடுத்தால் 64 மடங்கு கூர்மையான முகத்தைத் தரும் ஒரு செயலியை வெளியிட்டிருந்தனர். எவரோ அதற்குப் பராக் ஒபாமாவின் மங்கிய படம் ஒன்றைக் கொடுத்தார். வெளிவந்தது ஒரு வெள்ளையரின் முகம். செயலி கணக்கில் பிழை விடவில்லை. வெளிவந்த முகத்தை மீண்டும் மங்கலாக்கினால் கொடுத்த படத்துக்கு நெருங்கிய புள்ளிகளே வரும். ஒரே மங்கலுக்குப் பின்னால் ஆயிரம் முகங்கள் இருக்க முடியும். தான் பயின்ற முகங்களுக்குப் பழகிய ஒன்றை அது எடுத்துத் தந்தது. ஆளை அடையாளம் காண இது உதவாது என்று ஆய்வாளர்களே கூறியிருந்தனர். படத்தோடு அந்த எச்சரிக்கை பயணம் செய்யவில்லை.

இந்த விடயம் எனக்கு வெறும் விஞ்ஞானச் செய்தியாக இல்லாமற்போனதற்கு ஒரு காரணம் உண்டு. காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாயை எனக்குப் பல்லாண்டுகளாகத் தெரியும். மகனின் படமென்று அவரிடம் இருப்பது ஒன்றே. பாடசாலைக் குழுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் பெருப்பித்து ஸ்ரூடியோக்காரர் ஒருவர் செய்து கொடுத்தது. கவனயீர்ப்புப் போராட்டங்களில் வெயிலிலும் மழையிலும் நின்று அது வெளிறிவிட்டது. அண்மையில் வெளிநாட்டிலுள்ள உறவுக்காரப் பிள்ளை ஒன்று அதனைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிற் போட்டு, புதுப்படமாக்கி அனுப்பியிருந்தது. கண்ணிமை ஒவ்வொன்றாகத் தெரிகின்றது, கன்னம் மினுங்குகின்றது.

"இப்பதான் அண்ணை, பிள்ளை வடிவாத் தெரியிறான்" என்று என்னிடம் நீட்டினார். இனிமேல் விசாரணைகளுக்கு இதையே கொண்டுபோகப் போவதாகவும் கூறினார்.

நான் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரங்கழித்து, புதுப்படத்தின் புருவத்தைத் தடவிப்பார்த்து, "வெட்டுத் தழும்பைக் காணேல்லையே" என்றார். சிறுவயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து ஏற்பட்ட காயம் அது என்பதை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பழைய படத்தில் அது மங்கிய ஒரு கோடாக இருந்தது. படத்திலுள்ள அழுக்குகளோடு அதனையும் ஓர் அழுக்கென்று கொண்டு கணினி துடைத்துவிட்டது.

தழும்பு என்பது அடையாள அட்டைப் படிவத்திலிருந்து மரண விசாரணை அறிக்கை வரை ஓர் ஆளை ஆளாக நிறுவும் சான்று. இலட்சக்கணக்கான முகங்களைப் பயின்ற செயலிக்குச் சராசரி முகம் எப்படியிருக்கும் என்பது தெரியும். ஒரு தாய் தேடுவது சராசரி முகத்தையல்ல. சராசரியிலிருந்து தன் பிள்ளை எந்த இடத்தில் விலகுகின்றானோ அந்த இடத்தைத்தான் அவர் தேடுகிறார். மெருகூட்டும் கணக்கு முதலில் அழிப்பதும் அந்த இடத்தையே.

இதற்காக இவ்வாய்வுகளைப் பழிப்பது என் நோக்கமன்று. புற்றுநோயை முன்கூட்டிக் காட்டுவதும், செய்மதிப் படத்தில் வெள்ளத்தின் எல்லையை வரைவதும், பூச்சி அரித்த ஏட்டின் எழுத்தைத் துலக்குவதும் இதே கணிதந்தான். நான் வேண்டுவது, எங்கள் பழைய ஓவியரின் மேசையில் இருந்த கட்டுப்பாடு மட்டுமே. படத்தில் ஒளி எழுதியது எது, கணக்கு ஊகித்து எழுதியது எது என்பது படத்தோடு கூடவே சொல்லப்பட வேண்டும். இதற்கான முயற்சிகளும் நடைபெறுகின்றன. 2021 இல் அடோப், மைக்ரோசொப்ட், பி.பி.சி. முதலியவை சேர்ந்து, ஒரு படம் எந்தக் கமராவில் பிறந்து என்னென்ன மாற்றங்களுக்கு உட்பட்டது என்ற பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைப் படத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கும் நியமம் ஒன்றுக்கான கூட்டமைப்பை உருவாக்கின. 2023 இல் அந்த நியமத்தைத் தாங்கிய முதற் கமராவை லைக்கா நிறுவனம் விற்பனைக்கு விட்டது. ஆயினும் முத்திரை இருப்பதால் மட்டும் படம் உண்மையாகிவிடாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் சீனாவின் சியன்தாங் ஆற்றில் எழும் வழமையான அலையின் பழைய படங்கள் சுனாமிப் படங்கள் என்ற பெயரில் உலகைச் சுற்றின. அவற்றில் ஒரு புள்ளியேனும் மாற்றப்படவில்லை. பொய் படத்தின் அடியில் எழுதப்பட்ட வரியில் இருந்தது.

ஆகவே இளைய பத்திரிகையாளர்களுக்கும், வீட்டில் பழைய படங்களை வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூலப் படத்தை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள். திருத்துவதற்கு முன்னர், இருக்கும் நிலையிலேயே, கறையும் கீறலுமாக அதனை நல்ல தரத்தில் ஸ்கான் செய்து வையுங்கள். மெருகூட்டிய பிரதி வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். அதன் பின்புறத்தில், கணினியில் திருத்தப்பட்டது என்று திகதியோடு எழுதி வையுங்கள். பத்திரிகையில் வெளியிடும்போது அந்த வரியைப் படக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள். இதற்கு எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை.

அந்தத் தாய் தம் முடிவைத் தாமே எடுத்தார். "வீட்டில சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைக்க இது இருக்கட்டும், அண்ணை. கொண்டு திரியிறதுக்குப் பழையதுதான்" என்று சொல்லி, வெளிறிய படத்தை அதன் பொலித்தீன் உறைக்குள் திரும்பவும் வைத்துக்கொண்டார்.